மீளும் விசை: சுருள்வில் முதல் சுமத்ரா வரை

(செங்கல்பட்டில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மீட்சி. இழுத்தால் நீள்வது, அழுத்தினால் எதிர்ப்பது, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது, திரும்பும் வரைக்கும் ஆற்றலைத் தனக்குள் வைத்துக் காப்பது. பேனாவுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் இதைத்தான் செய்கிறது. ரயில் பெட்டிக்கு அடியில் இருக்கும் எஃகுச் சுருள் இதைத்தான் செய்கிறது. மாமல்லபுரத்துக் கருங்கல்லும் இதைத்தான் செய்கிறது. வங்கக் கடலுக்கு அடியில் கிடக்கும் பூமியின் மேலோடும் இதைத்தான் செய்கிறது. சின்னதில் விதியைப் படித்துக்கொண்டவன் பெரியதில் உயிர் பிழைப்பான். நான் சொல்ல வந்த செய்தி இந்த ஒன்றுதான்.

இதோ என் கையில் ஒரு சுருள்வில் இருக்கிறது. மேலே கொக்கியில் மாட்டிவிட்டேன். பக்கத்தில் ஒரு அடிக்கோல். இப்போது 100 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிடுகிறேன். எவ்வளவு இறங்கியது? முன்வரிசைப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். 2 சென்டிமீட்டர். இன்னொரு 100 கிராம் சேர்க்கிறேன். 4 சென்டிமீட்டர். மூன்றாவது கல்லையும் சேர்த்துவிட்டேன். 6 சென்டிமீட்டர். எடை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கிறது. எடை மும்மடங்கானால் நீட்சியும் மும்மடங்காகிறது. கற்களை எடுத்துவிடுகிறேன். பாருங்கள், புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றுவிட்டது.

இந்த ஒழுங்கை முதலில் கண்டு சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காக 1676-இல் ஒரு நூலின் முடிவில் அதை எழுத்துகள் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார். 1678-இல் அந்தப் புதிரைத் தானே அவிழ்த்தார். நீட்சிக்கு ஏற்ற விசை என்பதே அதன் பொருள். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசில் முள் நகரும் தகட்டைப் பாருங்கள். கிலோவுக்கு கிலோ கோடுகள் சம இடைவெளியில் இருக்கும். ஏன் சம இடைவெளி? ஹூக் சொன்ன விதியால்தான்.

இனி ஆற்றலைப் பார்ப்போம். சுருளை இழுக்க என் கை உழைக்கிறதல்லவா? அந்த உழைப்பு எங்கே போயிற்று? சுருளுக்குள் போயிற்று. எவ்வளவு போயிற்று? இங்கேதான் கூர்ந்து கவனிக்க வேண்டும். முதல் 2 சென்டிமீட்டரில் சேர்ந்த ஆற்றலை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 சென்டிமீட்டரில் சேர்வது இரண்டு பங்கு என்று மனம் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 4 சென்டிமீட்டரில் நான்கு பங்கு. 6 சென்டிமீட்டரில் ஒன்பது பங்கு. ஒன்று, நான்கு, ஒன்பது!

ஏன் இப்படி? இழுக்க இழுக்கச் சுருளின் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகிறது. முதல் சென்டிமீட்டர் எளிதில் வரும். ஆறாவது சென்டிமீட்டர் எளிதில் வராது. தூரமும் கூடுகிறது, அந்தத் தூரம் முழுக்க நாம் எதிர்த்து நிற்கும் விசையும் கூடுகிறது. இரண்டும் பெருகுவதால் ஆற்றல் வர்க்கமாக ஏறுகிறது. இரண்டு மடங்கு நீட்டினால் நான்கு மடங்கு. பத்து மடங்கு நீட்டினால் நூறு மடங்கு. பத்துக்கு நூறு என்ற இந்தக் கணக்கை மனத்தில் பத்திரமாக வையுங்கள். கடற்கரைக்குப் போகும்போது இது நமக்கு வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். இதே கம்பியைச் சுற்றாமல் நேராக வைத்து இருபுறமும் இருவர் நின்று இழுத்தால், கண்ணுக்குத் தெரியும்படி நீளாது. சுருளாகச் சுற்றிவிட்டால் ஒரு விரலுக்கே இணங்குகிறது. காரணம் என்ன? சுருளை இழுக்கும்போது கம்பி தன் நீளத்தில் நீள்வதில்லை, தன் அச்சில் முறுகுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முறுகிய முறுக்கெல்லாம் சேர்ந்துதான் நமக்கு நீட்சியாகத் தெரிகிறது. உள்ளே எஃகின் அணுக்கள் தத்தம் இடத்திலிருந்து மிக மிகச் சிறிது விலகுகின்றன. ஒன்றையொன்று பழைய இடத்துக்கு இழுக்கின்றன. அந்த இழுவைதான் நம் கையில் எதிர்ப்பாகத் தெரிகிறது.

ஆனால் எதற்கும் ஒரு எல்லை உண்டு. இந்த இரண்டாவது சுருளை அளவுக்கு மீறி இழுக்கிறேன். விட்டுவிட்டேன். திரும்பியதா? பாதிதான் திரும்பியது. அணுக்களின் அடுக்குகளே இடம் பெயர்ந்து வழுக்கிவிட்டன. இதை மீட்சி எல்லை என்கிறோம். எல்லைக்குள் இருக்கும் வரை பொருள் தன் வடிவத்தை மறப்பதில்லை. எல்லை தாண்டினால் ஒன்று நிரந்தரமாக வளைகிறது, அல்லது உடைகிறது.

இப்போது வாருங்கள், நம் ஊரைச் சுற்றிப் பார்ப்போம்.

செங்கல்பட்டு நிலையத்தில் நின்று வெளியூர் ரயில் ஒன்றின் சக்கரத்துக்கு மேலே குனிந்து பார்த்திருக்கிறீர்களா? 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் திறக்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஆயிரக்கணக்கில் கட்டி அனுப்பிய நீலப் பெட்டிகளில், அச்சுப் பெட்டியின் இருபக்கமும் தடித்த எஃகுச் சுருள்கள் நிற்கும். தண்டவாள இணைப்பில் சக்கரம் துள்ளும்போது சுருள் அமுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. சரி, வாங்கிய ஆற்றலை என்ன செய்யும்? திருப்பித் தரும். பெட்டியை மேலே தள்ளும். மறுபடி கீழே வரும். மறுபடி தள்ளும். சுருள் மட்டும் இருந்தால் தாம்பரம் போய்ச் சேரும் வரை பெட்டி ஆடிக்கொண்டே போகும். ஆகவேதான் அந்தச் சுருளுக்கு நடுவே எண்ணெய் நிறைந்த ஒரு உருளையை வைத்தார்கள். சின்னத் துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கிப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. சேர்ந்த ஆற்றல் தானாக மறைந்துபோகாது. அதற்கு ஒரு வழி விட்டாக வேண்டும். ரயில் பெட்டி நமக்குச் சொல்லும் பாடம் இது.

அடுத்து பரங்கிமலை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர் அது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்கேதான் இந்திய நிலத்தை அளக்கும் பெரும்பணிக்கு அடிக்கோடு போட்டார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அளந்த கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அந்தச் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, எடை கட்டி இழுத்து நேராக நிறுத்தினார்கள். பக்கத்தில் வெப்பமானி வைத்து வெயிலில் அது எவ்வளவு நீள்கிறது என்று குறித்தார்கள். இழுக்கும் விசை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தால்தான் நீட்சியும் ஒன்றாக இருக்கும்; நீட்சி ஒன்றாக இருந்தால்தான் அளவு நிற்கும். எஃகுச் சங்கிலியும் நீளும் என்பதை மதித்தவர்களால்தான் பிற்பாடு இமயம் வரை அளக்க முடிந்தது.

எஃகு நீளும் என்றால் நம்புவீர்கள். கல் நீளும் என்றால் நம்புவீர்களா? மாமல்லபுரத்துக்குப் போங்கள். குன்றுப் பாறைகளில் வரிசை வரிசையாகக் குழிகள் வெட்டி, வேலை முடியாமல் விட்டுப்போன இடங்களைக் காட்டுவார்கள். ஆப்பு அடிப்பதற்காக வெட்டிய குழிகள் அவை. இன்றும் கல் உடைப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குழி போட்டு, ஆப்பு வைத்து, வரிசையாக ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவார்கள். ஒரே ஆப்பில் ஓங்கி அடிக்க மாட்டார்கள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஆப்பு இறுக இறுகத் தட்டும் ஓசை மாறும். காது கொடுத்துக் கேட்பார்கள். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார்கள். அடிக்காமலே கல் பிளக்கும்!

யார் பிளந்தது? கல்லுக்குள் சேர்ந்திருந்த மீட்சி ஆற்றல் பிளந்தது. ஆப்பு இறங்கும்போது குழியைச் சுற்றியுள்ள கல் இழுபடுகிறது. கருங்கல் எஃகைவிட மூன்று நான்கு மடங்கு எளிதில் இழுபடும். ஆனாலும் அந்த நீட்சி கண்ணுக்குத் தெரியாது. கல் தெரியாமல் நீள்கிறது, தெரியாமல் சேர்க்கிறது. ஒரு விரிசல் ஓடத் தேவையான அளவு சேர்ந்ததும் விரிசல் தானே ஓடுகிறது. இதற்குக் கணக்கு எழுதியவர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித், ஆண்டு 1921. நம் சிற்பிகளின் முன்னோர்களோ அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாலும் காதாலும் அறிந்திருந்தார்கள்.

பாறை நீளும், பாறை சேர்த்து வைக்கும், பாறை ஒரு நொடியில் விடும். இந்த மூன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டோம் அல்லவா? அப்படியானால் 26.12.2004 காலைக்கு வருவோம். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைவுகூராமல் இந்தக் கரையில் மீட்சி பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இந்தியப் பெருங்கடலின் கிழக்கு ஓரத்தில், சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை, ஒரு புவித்தட்டு இன்னொன்றுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. வழுக்கிக்கொண்டு நுழைந்தால் தொல்லை இல்லை. உரசும் முகங்கள் பூட்டிக்கொண்டால்? மேலே இருக்கும் தட்டின் விளிம்பையும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே போகும். மேசை ஓரத்தில் அடிக்கோலின் ஒரு பகுதியை வெளியே நீட்டி நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். வளையும், வளையும், வளைந்துகொண்டே இருக்கும். விரலை எடுத்தால் துள்ளி எழும். கடலடித் தட்டின் கதை அதுதான். விரல் அழுத்துவது மட்டும் ஒரு நிமிடம் அல்ல, பல நூறு ஆண்டுகள்.

ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 40 ஆண்டில் 1.6 மீட்டர் வளைவு. 400 ஆண்டில் 16 மீட்டர். காலம் பத்து மடங்கு, வளைவும் பத்து மடங்கு. அதே பரப்பு விடாமல் பூட்டிக்கிடந்தால் சேர்ந்த ஆற்றல்? என் கையில் இருந்த சுருள் சொன்ன கணக்கு அங்கேயும் அப்படியே செல்லும். நூறு மடங்கு!

1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அறிஞர் நிலம் எப்படி நகர்ந்தது என்று ஆராய்ந்து, நிலநடுக்கம் என்பது வளைந்த பாறை மீளும் நிகழ்ச்சி என்று 1910-இல் விளக்கினார். அந்த விளக்கம் 2004-இல் நம் கண்முன் மெய்யாயிற்று. இந்திய நேரப்படி காலை மணி 6.28. சுமத்ராவின் வட முனைக்கு அருகே பூட்டு விட்டது. விரிசல் வடக்கே அந்தமான் பக்கமாக ஓடியது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு மீண்டது. சில இடங்களில் நகர்வு 15 மீட்டருக்கும் மேல். ரிக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அளவுக் கணக்கில் 9-ஐத் தாண்டியது.

கடலடி துள்ளி எழுந்தால் மேலிருக்கும் தண்ணீர் என்ன செய்யும்? அதுவும் எழுந்தது. எழுந்த தண்ணீர் அலையாகப் புறப்பட்டது. ஆழ்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மேலே மிதந்த படகுக்கு அது தெரிந்திராது. ஆனால் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர். 4 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த அலை அப்படித்தான் ஓடும். கரையை நெருங்க நெருங்க வேகம் தேயும், உயரம் பெருகும். நம் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

இரண்டரை மணி நேரம்! சென்னையில் மாடி வீடுகளில் சிலர் அதிர்வை உணர்ந்தார்கள். அந்த நேரத்தில் குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே குழந்தை கூட நடந்து போயிருக்கும். எழுந்து போகச் சொல்ல யாரும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. கல்பாக்கத்தில் கடல்நீர் ஏற்றும் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த அணு உலையைப் பணியாளர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்ப்பலி நேர்ந்தது. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது, என்றும் நீருக்குள் கிடந்த பாறைகள் வரிசையாக வெளியே தெரிந்ததாகக் கண்டவர்கள் சொன்னார்கள்.

இங்கே தாய்மார்கள் ஒரு செய்தியைக் கவனமாகக் கேளுங்கள். கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஆபத்தான நம்பிக்கை. அன்று தட்டு மீண்டபோது மேற்குப் பக்கம், அதாவது நம் பக்கம், கடலடி எழுந்தது. கிழக்குப் பக்கம், தாய்லாந்தை நோக்கிய பக்கம், தாழ்ந்தது. ஆகவே தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் திசையில் புறப்பட்டதோ முதலில் எழும் அலை. உள்வாங்கல் அதற்குப் பின்னால் வரும். கடல் உள்வாங்கட்டும், பிறகு ஓடலாம் என்று காத்திருந்தால் நமக்கு நேரம் இருக்காது. முதல் அலையோடு முடிந்துவிடுவதும் இல்லை. அடுத்தடுத்து வரும், பின்னால் வருவது முதலில் வந்ததைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

இது முதல் முறைதானா? 2004 அலை மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துப் பாறைக் கல்வெட்டுகளை வெளியே காட்டியது. தொல்லியல் துறையினர் அங்கே 2005-இல் தோண்டியபோது பழைய முருகன் கோயிலின் செங்கல் கட்டுமானம் கிடைத்தது. சி.பி. ராஜேந்திரன் முதலிய ஆய்வாளர்கள் மாமல்லபுரக் கரையின் மண் அடுக்குகளில் பழைய கடல் பெருக்கின் சுவடுகளைக் கண்டு 2006-இல் எழுதினார்கள். அவற்றில் ஒன்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. கடல் முன்பும் வந்திருக்கிறது. இடைவெளி நீண்டது, நம் பாட்டன் பூட்டன் நினைவை விடவும் நீண்டது. அதனால் நாம் மறந்தோம். பாறை மறக்கவில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்வது? பூமியின் சுருளை யாராலும் தளர்த்த முடியாது. ரயில் பெட்டிக்கு வைத்தது போல அதற்கு எண்ணெய் உருளை வைக்கவும் முடியாது. ஆனால் அது விடும்போது உடனே தெரிந்துகொள்ள முடியும். எதைக் கொண்டு தெரிந்துகொள்கிறோம்? இன்னொரு சுருள்வில்லைக் கொண்டு!

நிலநடுக்கமானியின் உள்ளே பாருங்கள். ஒரு எடை, அதைத் தாங்கும் ஒரு வில். நிலம் குலுங்கும்போது சட்டம் நிலத்தோடு சேர்ந்து ஆடும். வில்லில் தொங்கும் எடை தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் பதிவாகிறது. 2004-க்குப் பிறகு ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. 2007 அக்டோபரிலிருந்து இரவு பகலாக இயங்குகிறது. நிலநடுக்கமானிகள் முதலில் சொல்லும். கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் உண்மையிலேயே அலை எழுந்ததா என்று உறுதி செய்யும். 11.4.2012 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. நம் கரையிலும் மக்களை வெளியேற்றினார்கள். பெரிய அலை வரவில்லை. ஏன்? அன்று தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. தண்ணீரைத் தூக்கும்படி கடலடி எழவில்லை. அன்று வீணாக ஓடினோம் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். நண்பர்களே, அது வீண் இல்லை. எச்சரிக்கை வந்தால் எழுந்து நடக்கிற பழக்கம் அன்றுதான் நம் கால்களுக்கு வந்தது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

ஆசிரியர்களே, ஹூக் விதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரு சுருள், மூன்று எடைக்கல், ஒரு அடிக்கோல் போதும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் இழுக்கட்டும், தன் கண்ணால் அளக்கட்டும், ஒன்று நான்கு ஒன்பது என்பதைத் தானே கண்டுபிடிக்கட்டும். அந்தப் பாடத்தோடு சுமத்ராவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெரியவர்களே, ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் மேட்டுக்குப் போகும் பாதையைக் குறியுங்கள். அந்தப் பாதையில் வலையோ வண்டியோ சுவரோ அடைத்துக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் யார் அழைத்துப் போவது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

தாய்மார்களே, இளைஞர்களே, ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கடலில் பூவும் பாலும் சேர்த்து மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம். அது நம் கடமை. அன்றைக்கே இன்னொரு கடமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அஞ்சலி முடிந்ததும் ஊரே ஒன்றாகத் திரும்பி அந்த மேட்டுப் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். எச்சரிக்கை வந்தால் உடனே கிளம்புங்கள். ஆபத்து நீங்கியது என்று அதிகாரிகள் அறிவிக்கும் வரை இறங்கி வராதீர்கள். கடலுக்கடியில் தட்டுகள் இந்த நேரத்திலும் வளைந்துகொண்டுதான் இருக்கின்றன. அடுத்த முறை நமக்குக் கிடைக்கும் அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு நிமிடம் கூட வீணாகக் கூடாது.